எந்தப் பக்கத்து ரத்தம்

கண்ணை மூடக் கூடாது என்று மதுரை ஆஸ்பத்திரியில் சோதனை செய்கிற அந்தப் பெண் மூன்றாம் முறையாகச் சொன்னாள். திரவியம் மூடவில்லை, அல்லது மூடியது அவருக்குத் தெரியவில்லை. கறுப்பாக, கனமாக ஒரு கண்ணாடியை முகத்தில் வைத்துப் பின்மண்டையில் பட்டையை இறுக்கிக் கட்டியிருந்தாள். அதற்குள் இருக்கிற சின்னக் கேமரா அவர் கருவிழியைப் பார்த்துக்கொண்டே இருக்குமாம். எதிர்ச் சுவரில் ஒரு பச்சைப் பொட்டு. அதைவிட்டுப் பார்வையை எடுக்கக் கூடாது. அவள் பின்னால் நின்று அவர் தலையை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு, நினைக்காத நேரத்தில் வெடுக்கென்று ஒரு பக்கம் திருப்புவாள். தலை போனாலும் கண் போகக் கூடாது. உள்காது சரியாக இருக்கிறவனுக்குக் கண் அங்கேயே நிற்கும், அவன் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை, அது தானாக நடக்கும் என்றாள். தானாக நடக்கும். இந்தச் சொல் அவருக்குள் முள் மாதிரி மாட்டிக்கொண்டது. ஐம்பத்து மூன்று வயதில் தானாக நடந்தது எதுவும் இப்போது தானாக நடப்பதில்லை. படி இறங்குவது, திரும்பிப் பார்ப்பது, முகத்தில் சோப்புப் போட்டுக்கொண்டு நிற்பது. தலை இடது பக்கம் வெட்டியது. பொட்டு பறந்தது. கண் அதோடு சேர்ந்து ஓடி, பிறகு திருடன் மாதிரி பதுங்கித் திரும்பி வந்து பொட்டைப் பிடித்தது. வலது பக்கம். மறுபடியும் அதே திருட்டு. "விட்டுட்டேனாம்மா?" என்று கேட்டார். "பேசாதீங்க ஐயா, பொட்டைப் பாருங்க," என்றாள் அவள், மதுரைப் பேச்சில். அவள் குரலில் ஒன்றும் இல்லை. ஒன்றும் இல்லாத குரல்தான் பயமாக இருந்தது. நிலம் அளக்கப் போகிற இடத்தில், இவன் வேலி அடுத்தவன் இடத்தில் நாலு அடி உள்ளே இருக்கிறது என்று தெரிந்த பிறகும் அவரும் இந்தக் குரலில்தான் பேசுவார். முப்பது வருஷம் தாலுகா ஆபீஸில் நில அளவர். டேப்பைப் பிடிக்கிறவனுக்கு முகத்தில் எதுவும் இருக்கக் கூடாது. போன ஆவணியில் ஒரு வாழைத்தோட்டத்தில் வரப்பு மேல் நடந்துகொண்டிருந்தவர் பக்கவாட்டில் சேற்றுக்குள் சாய்ந்தார். நிலத்துக்காரன் தூக்கிவிட்டுவிட்டு, "காலையிலேயேவா சார்," என்று சிரித்தான். அன்றைக்குத்தான் அவருக்குத் தெரிந்தது, அண்ணனுக்கு வந்தது தனக்கும் வந்துவிட்டது என்று.

அண்ணன் சண்முகவேல் கணக்கு வாத்தியார். கரும்பலகையில் எழுதிவிட்டுப் பிள்ளைகள் பக்கம் திரும்பும்போதுதான் முதலில் தள்ளாடினான். அதன் பிறகு திரும்பாமலே பாடம் நடத்தினான். பலகையைப் பார்த்துக்கொண்டே கேள்வி கேட்பான், முதுகுக்குப் பின்னால் பிள்ளைகள் பதில் சொல்வார்கள். ஒருநாள் ஹெட்மாஸ்டர் ஏதோ காகிதத்தைக் காட்டுகிற சாக்கில் பக்கத்தில் வந்து குனிந்து அவன் வாயை மோந்து பார்த்தார். அதை அவன் வீட்டில் வந்து சொன்னபோது சிரித்தான். வெற்றிலைகூடப் போடாதவன். அப்போது அவனுக்கு வயது ஐம்பது. அறுபத்தொன்றில் போய்ச் சேர்ந்தான். கடைசி மூன்று வருஷம் கட்டில்தான். பெண்டாட்டி முன்னமே போய்விட்டாள், பிள்ளை இல்லை. அவனைக் குளிப்பாட்டி, சோறூட்டி, இருமி இருமி விழி பிதுங்குகிறபோது நெஞ்சைத் தடவிவிட்டது வடிவு. தங்கச்சி வடிவு. அவள் நேராகத்தான் நடக்கிறாள். நாற்பத்தொன்பது ஆகிறது, தலையில் தண்ணீர்க் குடத்தோடு மாடிப்படி ஏறுகிறாள். வடிவை நினைத்ததும் திரவியத்துக்கு நினைப்பு அங்கேயே நின்றுபோனது. இன்றைக்கு வடிவைத்தான் நினைக்கக் கூடாது என்று வீட்டிலிருந்து கிளம்பும்போதே எண்ணியிருந்தார். வடிவை நினைத்தால் அவள் மகன் இசக்கிராஜா வருவான், அவன் வந்தால் வெளியே பெஞ்சியில் உட்கார்ந்திருக்கிற மகள் கோமதி வருவாள், இரண்டு பேரும் வந்தால் தை மாதம் வரும், நிச்சயம் பண்ணிப் பாதிப் பத்திரிகை எழுதிவைத்திருக்கிற தை மாதம். மகளுக்கு அத்தை மகன் முறை. சின்ன வயதிலிருந்தே இரண்டு பேருக்கும் மனசு. இதைவிடப் பொருத்தம் உண்டா என்று ஊரே சொன்னது.

காலையில் டாக்டரம்மா எல்லாவற்றையும் விளக்கமாகத்தான் சொன்னார். நடுத்தர வயது, மெல்லிய குரல், அவசரம் இல்லாதவர். தரையில் ஒட்டியிருந்த கோட்டின் மேல் குதிகாலும் பெருவிரலும் தொட நடக்கச் சொன்னார். மூன்றாவது அடியில் சுவரைப் பிடித்தார் திரவியம். காலைச் சேர்த்துவைத்து நின்று கண்ணை மூடச் சொன்னார். மூடியதும் தரை எங்கேயோ போய்விட்டது, பின்னால் நின்ற ஆள் தாங்கிக்கொண்டான். அதிர்கிற ஒரு இரும்புக் கவையைக் கால் பெருவிரலில் வைத்து, அதிருதா என்று கேட்டார். எது அதிரணும் என்று இவர் கேட்டார். பிறகுதான் உட்காரவைத்துச் சொன்னார். "தள்ளாட்டம்னு பார்த்தா எல்லாம் ஒண்ணு போலத்தான் இருக்கும். உள்ளே வகை நிறைய இருக்கு. ஒரு வகை, அப்பா அம்மாவில ஒருத்தர்கிட்ட இருந்தாலே பிள்ளைக்கு வரும். ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி. இன்னொரு வகை, ரெண்டு பக்கமும் இருந்து சேர்ந்தாத்தான் வரும். அப்பா அம்மா ரெண்டு பேரும் நல்லா நடந்திருப்பாங்க, பிள்ளைகளுக்கு வந்துடும். அதுல சிறுமூளை, ரெண்டு உள்காது, கால் நரம்பு மூணும் சேர்ந்து போகும்." அப்படியென்றால் காதைப் பார்த்தால் தெரிந்துவிடுமா என்று கேட்டார். "முழுசாத் தெரியாது. முதல் வகையிலேயும் காதைக் கெடுக்கிற ஒண்ணு இருக்கு. காது நல்லா இருந்தா ரெண்டாவது வகை இல்லைன்னு சொல்லலாம். கெட்டிருந்தா ரெண்டில எதுவாவும் இருக்கலாம். மத்ததையும் சேர்த்துத்தான் பார்க்கணும்." அவர் சொல்லிக்கொண்டே போனார். திரவியம் பாதிக்குப் பாதி என்கிற இடத்திலேயே நின்றுவிட்டார். கோமதி அவருக்கு ஒரே பிள்ளை. ஒரு பிள்ளையில் பாதி என்பது என்ன கணக்கு? ஏக்கரைச் செண்டாகப் பிரிக்கலாம். கோமதியை எப்படிப் பிரிப்பது?

"இப்ப படுங்க ஐயா," என்றாள் அந்தப் பெண். படுத்தார். விளக்கை அணைத்தாள். கண்ணாடி மேல் ஒரு மூடியைப் போட்டாள். முழு இருட்டு. அந்த இருட்டுக்குள் கண்ணைத் திறந்துவைத்திருக்க வேண்டும். காதுக்குள் வெதுவெதுப்பான தண்ணீர் அரை நிமிஷம் ஊற்றுவாளாம். அது உள்ளே போனதும் தலை கிறுகிறுவென்று சுற்றுமாம், ராட்டினத்தில் ஏறினது போல. சில பேர் வாந்தி எடுப்பார்களாம், பக்கத்தில் கிண்ணம் இருக்கிறதாம். சுற்றினால் நல்லது. இல்லை, சுற்றினால் நல்லதா? சுற்றினால் காது நன்றாக இருக்கிறது. காது நன்றாக இருந்தால் இரண்டாவது வகை இல்லை. அது இல்லையென்றால் முதல் வகை, முதல் வகையென்றால் கோமதிக்குப் பாதி. அப்படியானால் சுற்றக் கூடாது. சுற்றாவிட்டால் இரண்டில் எதுவாகவும் இருக்கலாம். அது இரண்டாவதாகவே இருந்துவிட்டால் கோமதி தப்பினாள். தப்பினாள், ஆனால் அவளிடம் ஒரு பக்கத்து ரத்தம் இருக்கும். வடிவுகிட்டேயும் அது இருக்கலாம், அவளிடமிருந்து இசக்கிராஜாவுக்கும் போயிருக்கலாம். இரண்டு பக்கமும் சேர்ந்தால், பிறக்கப்போகிற பேரனோ பேத்தியோ ஐம்பது வயதில் கரும்பலகையைப் பார்த்துக்கொண்டே பாடம் நடத்தும். தண்ணீர் இறங்கியது. குளத்தில் முங்கினதுபோல் கொடகொடவென்ற சத்தம். சாமி, சுற்றணும். சாமி, சுற்றக் கூடாது. எதைக் கேட்பது என்று தெரியாமல் கும்பிடுகிறவனுக்கு எந்தச் சாமி எதைக் கொடுக்கும்? "நான் தண்ணியை நிறுத்திட்டேன் ஐயா. இப்ப மனசைச் சும்மா விடக் கூடாது, தூங்கிடக் கூடாது. ஊர்ப் பேரா வரிசையாச் சொல்லுங்க." இதென்ன பரீட்சை என்று தோன்றினாலும் சொன்னார். அளந்த ஊர்கள் நாக்கில் தானாக வந்தன. கயத்தாறு, கடம்பூர், கழுகுமலை, இளையரசனேந்தல், நாலாட்டின்புத்தூர். "சுத்துதா?" இல்லை. "லேசாக் கூட?" இல்லை. "ஊர் சொல்லுங்க, நிறுத்தாதீங்க." குருவிகுளம், திருவேங்கடம். இருட்டு இருந்த இடத்திலேயே இருந்தது. கட்டில் கட்டிலாக இருந்தது. உலகத்திலேயே அசையாத மனுஷனாகத் தான் கிடப்பது போலிருந்தது அவருக்கு, எழுந்து நின்றால் மட்டும் விழுகிற மனுஷன்.

மற்றக் காது. பிறகு இரண்டிலும் குளிர்ந்த தண்ணீர். நடுவில் ஐந்து ஐந்து நிமிஷம் காத்திருக்க வேண்டும். அந்த ஐந்து நிமிஷங்களில்தான் அப்பா வந்தார். கேட்கப்போகிறார்கள் என்று அவருக்குத் தெரியும். அம்மா எழுபத்திரண்டு வரைக்கும் நேராக நடந்தாள், அதில் சந்தேகம் இல்லை. முதல் வகை என்றால் அப்பா வழியாகத்தான் வந்திருக்க வேண்டும். அப்பா எப்படி நடந்தார்? அப்பா ரயில்வேயில் கீமேன். நாள் முழுக்கத் தண்டவாளத்தோடு நடந்து, கழன்ற ஆணியைச் சுத்தியலால் அடித்து இறுக்குகிற வேலை. நாற்பத்து நாலு வயதில் ஒரு சின்னப் பாலத்திலிருந்து ஓடைக்குள் விழுந்து போனார். தண்ணீர் இல்லாத ஓடை. கால் வழுக்கிவிட்டது என்றார்கள். அது கோடைக்காலம், வழுக்க என்ன இருந்தது என்று அம்மா மட்டும் பல வருஷம் கேட்டுக்கொண்டிருந்தாள். திரவியத்துக்கு அப்போது ஒன்பது வயது. ஒன்பது வயதுக்குள் பார்த்த அப்பாவின் நடையை எங்கே போய்த் தேடுவது? ஒரு காட்சி இருக்கிறது. அப்பா தண்டவாளத்தின் மேல் ஏறி, ஒரு கால் முன்னால் ஒரு கால் வைத்து நடக்கிறார், தோளில் சுத்தியல், பக்கத்தில் சரளைக்கல்லில் திரவியம். அப்படி நடந்தவருக்கு இந்த நோய் இருந்திருக்காது. டாக்டரம்மா போட்ட கோட்டை அப்பா ஒரு மைல் நடந்துகாட்டியிருப்பார். ஆனால் அந்தக் காட்சியில் அப்பாவின் கை இவர் தோளில் இருக்கிறது. அது எதற்கு? பிள்ளை தண்டவாளத்துப் பக்கம் போய்விடக் கூடாது என்று பிடித்த கையா? இல்லை, தான் விழாமல் இருக்க ஊன்றிக்கொண்ட கையா? அந்தக் கையின் கனத்தைத் தோளில் மறுபடி வைத்துப் பார்த்தார். கனமாகத்தான் இருந்தது. அப்பாவின் கை கனமில்லாமல் என்ன செய்யும்? இன்னொரு தரம் பார்த்தபோது தண்டவாளத்தின் மேல் நடந்தது அண்ணன் மாதிரி இருந்தது, அப்பா கீழே நடந்தார். மூன்றாம் தரம் யாருமே மேலே இல்லை. எடுத்து எடுத்துப் பார்த்துக் காட்சியைத் தானே அழித்துக்கொண்டிருக்கிறோம் என்று தெரிந்தது. தெரிந்தும் கையை எடுக்க முடியவில்லை. அதற்கும் அடியில் வேறொன்று கிடந்து உறுத்தியது. கல்யாணம் நடக்க வேண்டுமென்றால் அப்பாவைத் தள்ளாடவிட வேண்டும், அப்போதுதான் முதல் வகை, சொந்தத்தில் கட்டத் தடை இல்லை. கோமதி பிழைக்க வேண்டுமென்றால் அப்பாவை நேராக நடக்கவிட வேண்டும். எந்த அப்பாவைக் கேட்கிறாய் நீ? மகளா, மகள் கல்யாணமா என்றால் மகள்தான், இதில் யோசிக்க என்ன இருக்கிறது? ஆனாலும் யோசித்தார். இன்னும் பிறக்காத பிள்ளைக்கு, அது ஐம்பது வயதைத் தொட்ட பிறகு வரலாமோ வராதோ என்கிற நோய்க்காக, இப்போது கண்ணெதிரே சிரித்துக்கொண்டிருக்கிற இரண்டு பேரைப் பிரிப்பதா? வாயைத் திறக்காமல் இருந்துவிட்டால் யாருக்குத் தெரியும்? அந்தப் பிள்ளைக்கு ஐம்பது ஆகும்போது தான் எங்கே இருக்கப் போகிறோம்?

"கடைசியா ஐஸ் தண்ணி ஒரு தடவை விடுறேன் ஐயா. கொஞ்சம் வலிக்கும். இதுக்கும் சுத்தலைன்னா முடிச்சிடலாம்." விட்டாள். காதிலிருந்து கடைவாய்ப் பல்வரை ஒரு ஊசி இழுத்தது. இருமல் வந்தது, அந்தப் பழைய வறட்டு இருமல், சளி இல்லாத, காரணம் இல்லாத இருமல். அடக்க அடக்கப் பொங்கியது. "சுத்துதா?" இருமலுக்கு நடுவே கையை ஆட்டி இல்லை என்றார். அவள் விளக்கைப் போட்டாள், மூடியை எடுத்தாள். கிண்ணம் வைத்தது வைத்தபடி சுத்தமாக இருந்தது. அதைப் பார்த்ததும் வாந்தி எடுத்திருக்கலாமே என்று அவருக்கு அழுகை முட்டியது.

டாக்டரம்மா உள்ளே வந்து கணினியில் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு நாற்காலியை இழுத்துக் கட்டிலுக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார். "இந்த இருமல் எத்தனை வருஷமா இருக்கு?" திரவியம் இதை எதிர்பார்க்கவில்லை. "அது கிடக்கு டாக்டர், இருபது வருஷமா. வெயில்ல தூசியில அலையிற வேலை."

"உங்க அண்ணனுக்கு?"

"அவனுக்கும் உண்டு. சாக்பீஸ் தூள்னு சொல்லுவான்."

டாக்டரம்மா அதை எழுதிக்கொண்டார். "அப்பா அம்மா சொந்தமா?"

"எங்க அம்மா அப்பாவுக்கு மாமன் மகள்."

"அப்பா நடை எப்படி இருந்தது?"

வந்துவிட்டது. நேராக நடந்தார் என்று சொல்ல நாக்கு எழுந்தது. தள்ளாடினார் என்று சொல்லவும் எழுந்தது. அந்தக் கை தோளில் இன்னும் இருந்தது. "ஒண்ணு ஞாபகத்துல இருக்கு டாக்டர். ஆனா அது நடந்ததா, நானே உண்டாக்கிக்கிட்டதான்னு எனக்குத் தெரியலை. எதையாவது சொல்லிப் பொய்யாப் போயிருமோன்னு பயமா இருக்கு," என்றார்.

"அவர் எந்த வயசில போனார்?"

"நாற்பத்து நாலு."

"உங்க அண்ணனுக்கு ஆரம்பிச்சது ஐம்பதுல. உங்களுக்கும் ஐம்பது தாண்டித்தான். அப்ப உங்க அப்பா நாற்பத்து நாலுல நேரா நடந்திருந்தாலும் அது எனக்கு எதையும் சொல்லாது. அதை விட்டுடுங்க."

விட்டுடுங்க. ஒரு மணி நேரமாக, இல்லை, ஆவணியிலிருந்து மூன்று மாதமாகத் தண்டவாளத்தில் ஏற்றியும் இறக்கியும் வதைத்த மனுஷனை ஒரு வார்த்தையில் இறக்கிவிட்டார் டாக்டரம்மா. திரவியம் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தார். அப்பா தனியாக எங்கோ நடந்துபோனார், எப்படி நடந்தார் என்று பார்க்கத் தோன்றவில்லை. டாக்டரம்மா பேசிக்கொண்டிருந்தார். இரண்டு காதிலும் நிலை காக்கிற பாகம் வேலை செய்யவில்லை. கால் நரம்பில் உணர்ச்சி போய்விட்டது. இந்த இருமல் அந்த இரண்டாவது வகைக்கே உரிய இருமல், பல பேருக்கு நடை கெடுவதற்குப் பல வருஷம் முந்தியே வந்துவிடும். சொந்தத்தில் கல்யாணம் வேறு. "என் கணிப்பு ரெண்டாவது வகை. இன்னைக்கு ரத்தம் எடுத்து அனுப்புறோம். ஒரு மாசத்துல உறுதியாகும். அப்படி உறுதியாச்சுன்னா உங்க பொண்ணுக்கு இந்த நோய் வராது. ஒரு பக்கத்துது மட்டும் அவங்ககிட்ட இருக்கும், அது அவங்களை ஒண்ணும் பண்ணாது. பொண்ணுக்குக் கல்யாணம் ஆயிடுச்சா?" இல்லை என்றார். "பேசியிருக்கீங்களா?" பேசியிருக்கிறோம் என்றார். டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். "சொந்தத்துலயா?" வெளியில்தான் என்று ஒரே ஒரு வார்த்தை. அதைச் சொல்லிவிட்டு எழுந்து போய்விடலாம். "தங்கச்சி மகன்," என்றார் திரவியம். டாக்டரம்மா வருத்தப்படவும் இல்லை, கண்டிக்கவும் இல்லை. "அந்தப் பையன் ரத்தத்தையும் பார்த்துடலாம். அவருக்கு இல்லைன்னா ஒரு பயமும் இல்லை. இருந்தா அதை அவங்க ரெண்டு பேரும் தெரிஞ்சுக்கிட்டு முடிவு பண்ணட்டும்." எழுந்து போகிறபோது, "படியில் கைப்பிடியைப் பிடிச்சு இறங்குங்க. வீட்ல குளியலறை விளக்கை அணைக்காதீங்க. கண்ணும் கையும்தான் இனி உங்களுக்குக் காது," என்றார்.

ரத்தம் எடுத்த இடத்தைப் பஞ்சால் அமுக்கிக்கொண்டு, சுவரோரமாகவே நடந்து வெளியே வந்தார். கோமதி பெஞ்சியிலிருந்து எழுந்தாள், தாங்க வரவில்லை. தாங்கினால் அப்பாவுக்குக் கோபம் வரும் என்று அவளுக்குத் தெரியும். அவர் உட்காரும்வரை காத்திருந்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள். பேங்க் வேலைக்குப் போகிற பிள்ளை, இன்றைக்கு லீவு போட்டிருந்தாள். "என்ன சொன்னாங்க எப்பா?" என்றாள். "இன்னும் ஒரு மாசம் ஆகும் உறுதியாச் சொல்ல. ஆனா உனக்கு வராதாம்." அவள் உடம்பு முழுக்க ஒரு மூச்சு இறங்கியது. அவள் பயந்துகொண்டிருந்தது அவருக்கு அப்போதுதான் தெரிந்தது, மூன்று மாதமாகப் பக்கத்து அறையில் படுத்துக்கொண்டு அவளும் தன் கால்களை அசைத்து அசைத்துப் பார்த்திருப்பாள். அவள் முகம் தெளிந்தது. இந்தத் தெளிவோடு வீட்டுக்குப் போய்விடலாம். பஸ் ஏறி, கோவில்பட்டியில் இறங்கி, பெண்டாட்டி பாக்கியத்திடம் பிள்ளைக்கு ஒன்றும் இல்லையாம் என்று சொல்லி, சாப்பிட்டுவிட்டுப் படுக்கலாம். இரண்டாவது பாதியை நாளைக்குச் சொல்லலாம். நாளை மறுநாள். பத்திரிகை அடித்த பிறகு. பிள்ளை பிறந்த பிறகு. சொல்லாமலே போகிறவன் முதலில் நாளைக்கு என்றுதான் சொல்லிக்கொள்வான் என்று அவருக்குத் தோன்றியது. "கோமு, இன்னும் ஒண்ணு இருக்கு," என்றார். சொன்னார். அவள் குறுக்கே பேசாமல் கேட்டாள். கடைசியில், "அப்ப நாங்க கட்டக் கூடாதா?" என்றாள். "அப்படிச் சொல்லலை. ராஜா ரத்தத்தைப் பார்க்கணும்னு சொல்லுதாங்க. பார்த்துட்டு நீங்க ரெண்டு பேரும்தான் முடிவு பண்ணணும். நான் பண்ண மாட்டேன்." கோமதி கைப்பையின் வாரை விரலில் சுற்றினாள், அவிழ்த்தாள். "அவரு வருவாரு. அத்தைதான். அத்தைகிட்ட யாரு சொல்லுவா? எங்க வீட்டு ரத்தத்தைச் சந்தேகப்படுதியான்னு கேட்டா?"

"அது அவ வீட்டு ரத்தம் இல்ல, எங்க வீட்டு ரத்தம். நான்தான் சொல்லணும்," என்று திரவியம் போனை எடுத்தார். விரல் எழுத்தில் பதிய நேரமாயிற்று. மூன்றாவது மணியிலேயே எடுத்துவிட்டாள் வடிவு. காலையிலிருந்து போனைக் கையிலேயே வைத்திருந்திருப்பாள். "சொல்லு அண்ணே." அவர் நேராகச் சொல்லவில்லை, இருமலில் தொடங்கினார், பெரியவனுக்கும் இதே இருமல்தானே வடிவு என்றார், அப்பா அம்மா சொந்தத்தில் கட்டியதைச் சொன்னார், ஐஸ் தண்ணீரைச் சொன்னார், கோமதிக்கு வராது என்றார். அதற்கு அவள், "ஆத்தாடி, அது போதும்," என்றாள். பிறகு ராஜாவுக்கு ரத்தம் எடுக்க வேண்டும் என்பதையும், ஏன் என்பதையும் சொல்லி முடித்தார். மறுபக்கத்தில் எங்கேயோ ஒரு குக்கர் விசிலடித்தது. இருமல் வருமோ என்று நெஞ்சைக் கையால் அழுத்திக்கொண்டார். கோமதி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்கிட்டயும் அது இருக்குமா அண்ணே?" என்றாள் வடிவு.

"இருக்கலாம். உன்னை ஒண்ணும் செய்யாது."

"என்னைச் செய்யாது. அவனுக்குக் குடுத்திருப்பேன்." அடுப்பை அணைத்த சத்தம் கேட்டது. "மூணு வருஷம் பெரியண்ணனைக் குளிப்பாட்டினேன். அது என்னன்னு எனக்குத் தெரியும். உனக்கே அவ்வளவு தெரியாது." அவள் அழுகிறாளா என்று அவர் கூர்ந்து கேட்டார். அழவில்லை. மூக்கை உறிஞ்சிவிட்டு, வேறு குரலில் கேட்டாள். "மதுரைக்கு முதல் பஸ் எத்தனை மணிக்கு? நாளைக்குக் காலையில அவனைக் கூட்டிட்டு வாரேன். எனக்கும் சேர்த்தே எடுக்கச் சொல்லு."